வெறுங்கை நடை

எங்கள் தெருவில் யாரும் வெறுங்கையோடு நடக்க மாட்டார்கள். வீட்டை விட்டு இறங்கினால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். குடம், கூடை, நூல் பை, மண்ணெண்ணெய் டின், சாப்பாட்டுத் தூக்கு. ஒன்றும் இல்லாவிட்டால் துணிப்பை ஒன்றை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாவது போக வேண்டும். கை வீசி நடக்கிற ஆண் வேலை வெட்டி இல்லாதவன் அல்லது புத்தி கெட்டவன். கை வீசி நடக்கிற பெண்ணுக்கு இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற தெரு எல்லாவற்றிலும் இதுதான் சட்டம். யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத சட்டத்தை மீறுவதுதான் கஷ்டம். அதை எதிர்த்து யாரிடம் போய்ப் பேசுவது?

இப்போது பத்திரிகையைத் திறந்தால், மரம் செடி உள்ள இடத்தில் நடந்தால் மனசுக்கு நல்லது என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். படம் வேறு. பச்சைப் புல்லில் வெள்ளைச் செருப்புப் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு நடக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கு அதே விஷயத்தை எழுபதுகளின் கடைசியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தை வாங்க நான் பட்ட பாட்டை எந்தப் பத்திரிகையும் போடாது.

எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். அவருக்கு குறுக்கே ஓடுகிற ஊடு நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுப்பது, பாவில் அறுந்த இழையைக் கட்டுவது, சமையல், துணி எல்லாம் நான். மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், என்னையும் பார்த்துக்கொள்வார். இரண்டு பார்வையும் ஒன்றல்ல.

வீட்டில் சாவு விழவில்லை. நகை தொலையவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை. ஒரு நாள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. நூல் கையில் இருக்கிறது, சக்கரம் முன்னால் இருக்கிறது, சுற்ற வேண்டும் என்று தெரிகிறது. சுற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் போனது. மண்டைக்குள் தறிச் சத்தம், தறி நின்ற பிறகும். பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறது என்று இருந்தது. அழுகை வந்தால் முந்தானையால் மூக்கையும் கண்ணையும் சேர்த்துப் பொத்திக்கொள்வேன். பட்டில் சொட்டு விழுந்தால் கறை நிற்கும். அழுவதற்குக்கூட எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டிய வீடு அது.

"ஒனக்கு இன்னாதான் கொறச்சல்?" என்று மாமியார் கேட்டார்.

எனக்கே தெரியாது. அதைச் சொன்னேன். தெரியாது என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. ஒரு குறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். எதற்கும் கேட்கவில்லை என்றதும் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார், தினம் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மாத்திரை எழுதினார். பிறகு சொன்னார்:

"தெனம் காலையில ஒரு மணி நேரம் நடங்க. கடைத்தெருவுல இல்ல. வயல் பக்கம், ஆத்துப் பக்கம். மரம், தண்ணி, வானம் இதெல்லாம் கண்ணுல படணும். கையில எதுவும் எடுத்துகினு போவாதீங்க. எந்த வேலையும் வெச்சிக்காதீங்க. சும்மா நடங்க."

"சும்மாவா?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மாதான்."

பஸ் ஸ்டாண்டு வரை அவர் வேகமாக முன்னால் நடந்தார். அப்புறம், "இதுக்கா எனக்கு ஒரு நாள் வேலை போச்சி" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் மாமியார் சிரித்தார். "நடக்கணுமாமே! பாவு போடறப்ப இவ நடக்காத நடையா?"

பாவு போடுவது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று புடவைக்கான நீள நூலை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தெளித்து, ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு நடந்துகொண்டே அறுந்த இழைகளைத் தேடிக் கட்டுவது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். போவது வருவது எல்லாம் கூட்டினால் உண்மையிலேயே நிறைய தூரம் வரும்.

வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். அவர் நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து நான்கு வீட்டுப் பாவு வேலையையும் எனக்கே பேசிவிட்டு வந்தார்.

"டாக்டரம்மா நடக்கத்தான சொன்னாங்க? தெருவுல நட. காத்து வரும். தெருக்கோடியில வேப்ப மரம் இருக்குது, மரம் பாக்கணும்னா அத பாரு. மேல வானம் இருக்குது. இன்னா கொறச்சல்?"

எனக்கு உதவி செய்ததாகத்தான் அவர் நினைத்தார். முகத்தில் அவ்வளவு திருப்தி. இந்த மாதிரி ஒரு தப்பை எங்கள் ஆட்களால் மட்டும்தான் செய்ய முடியும்.

மூன்று வாரம் நடந்தேன். வேப்ப மரத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. பாவில் நடக்கிறவள் தலையைத் தூக்கினால் இழை தப்பிப் போகும். மயிர் மாதிரி இருக்கிற நூலில் கண்ணைப் பதித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்வதற்கு நடை என்று பெயர் வைத்திருக்கிறோம். நாலாவது வாரம் பக்கத்து வீட்டுப் பாவு ஒன்றைத் தறியில் ஏற்றினார்கள். இழைகள் நுழைந்து போகிற விழுதில் நூல் பின்னிக்கொண்டு பட்டுப் பட்டென்று அறுந்தது. பிரித்துப் பார்த்தால், அறுந்த இழைகளை அதனதன் மறுமுனையோடு கட்டாமல் பக்கத்து இழையோடு மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஒன்று இரண்டு இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு. எனக்கு அது ஞாபகமே இல்லை.

அந்த வீட்டுத் தறிக்காரர் தெருவில் நின்று கத்தினார். "பைத்தியத்தக் கொண்டாந்து பாவுல வுடறீங்களேடா!"

முடிச்சுக் கட்டும் நூலைத் தரையில் போட்டேன். தெருவை விட்டு இறங்கி நடந்தேன். எங்கே என்று யோசிக்கவில்லை. அரிசி மில்லைத் தாண்டினேன். உமித்தூசி கண்ணில் விழுந்தது, துடைத்துக்கொண்டே போனேன். அப்புறம் வயல் வரப்பு, அப்புறம் ஆறு.

எங்கள் ஆற்றைப் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். தை மாதம் முடிந்தால் மணல்தான். ஓரத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு தண்ணீர், நாணல், கருவேல மரம், கொக்கு. யாரோ எருமை கழுவிக்கொண்டிருந்தார்கள். எந்த அற்புதமும் நடக்கவில்லை. கால் சுட்டது. முள் குத்தியது. ஆனால் நிமிர்ந்து எதிர்க்கரையைப் பார்த்தபோது கண் வலித்தது. நிஜமான வலி, இரண்டு கண்ணுக்கும் பின்னால். அப்போதுதான் புரிந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் கண் ஒரு முழத்துக்கு அப்பால் பார்த்ததில்லை. தூரத்தைப் பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. எதிர்க்கரையில் ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் மலை. வலிக்க வலிக்கப் பார்த்தேன். திரும்பி வரும்போது மண்டைக்குள் இருந்த தறிச் சத்தம் நின்றிருந்தது. அரிசி மில் வந்ததும் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் நின்றது, அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்கு வசவு விழவில்லை. பாவில் இனி என்னை யாரும் விடப்போவதில்லை என்பதால் காலையில் என்னால் பயனும் இல்லை. அடுத்த காலையிலும் ஆற்றுக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரர், "சரி, போ" என்றார். உடனே, "போறதுதான் போற, சேவூர்ல நம்ம சித்தப்பா வூட்ல இந்த ஊடு நூல குடுத்துட்டு வந்துடு" என்று பையை நீட்டினார்.

மறு நாளும் பை. அதற்கு மறு நாளும். ஒரு நாள் நூல், ஒரு நாள் சரிகை, ஒரு நாள் தறி அச்சு. வயல் வழியாகத்தான் போகிறேன். ஆனால் பட்டு கையில் இருந்தால் வயல் கண்ணுக்குத் தெரியாது. வியர்வை படக்கூடாது, முள்ளில் மாட்டக்கூடாது, ஜல்தி கொடுத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். ஆற்றுக்குப் போன அன்றைக்கு ஒரு ராத்திரி வந்த தூக்கம் மறுபடி போனது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. வரப்போரம் ஒரு கருவேலங்கிளையில் பையை மாட்டிவிட்டு ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். கை இரண்டும் தானாக வீசியது. எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது. திரும்பி வந்தால் கிளையில் பை இல்லை.

புதரையெல்லாம் விலக்கித் தேடினேன். வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அதில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், சேற்றுக் காலோடு வரப்பில் ஏறினாள். தலையில் சும்மாட்டுக்கு மேல் என் பை.

"இன்னாம்மா, பட்ட முள்ளுல தொங்க வுட்டுட்டு எங்க பூட்ட? ஆடு மேஞ்சிருந்தா? என் கையில சேறுன்னு தலையில வெச்சினு குனிஞ்சி குனிஞ்சி நட்டேன், கழுத்தே பூடுச்சி."

நன்றி சொன்னேன். அவள் விடவில்லை.

"தெனம் வர்றியே, எதுனா தொலச்சிட்டியா?"

"இல்ல. சும்மா நடக்கறேன்."

"சும்மாவா?" திரும்பிக் கத்தினாள். "ஏய், இந்தம்மா சும்மா நடக்குதாம்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. "டாக்டரம்மா சொன்னாங்க. வயலு, தண்ணி, வானம் பாத்தா மனசுக்கு நல்லதாம்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அப்பிடியா சொன்னாங்க? நான் பொறந்ததுலேர்ந்து இதுலதான் கெடக்கறேன். எனக்கு இன்னா மனசு பூத்தா கெடக்குது? வானத்த எவ பாத்தா? நிமுந்தா மேஸ்திரி கத்துவான். கொக்கு வந்தா அது எம் பின்னாடி வரும், முன்னாடி நான் சேத்தத்தான் பாப்பேன்."

வெட்கமாக இருந்தது. அவளும் பாவில்தான் நடக்கிறாள், பாவு பச்சையாக இருக்கிறது, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதில் வயலும் வானமும் முக்கியம்தான். ஆனால் கையில் எதுவும் வேண்டாம் என்றாரே, அதைத்தான் எங்கள் வீடு காதில் வாங்கவே இல்லை. அந்தச் சொல் இவளுக்குக் கிடைக்கவே போவதில்லை.

"ஒரு நாளு என்னையும் சும்மா நடக்கக் கூட்டினு போ" என்றாள். "கூலிய நீ குடுத்துடு."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.

வீட்டுக்கு வந்து பையை வாசற்படியில் வைத்தேன். "நாளையிலேர்ந்து பை எடுத்துகினு போவ மாட்டேன்" என்றேன். "வெறுங்கையோடதான் போவேன். ஒரு மணி நேரம். அப்புறம் இன்னா வேலை சொன்னாலும் செய்றேன்."

"தெருவுல இன்னா சொல்லுவாங்க?" என்றார் மாமியார்.

"இப்பவே பைத்தியம்னுதான் சொல்றாங்க. புதுசா இன்னா சொல்லப் போறாங்க?"

புதுசாகச் சொல்லத்தான் செய்தார்கள். கை வீசிக்கொண்டு நான் தெருவில் இறங்கிய முதல் நாள் ராட்டைச் சத்தமெல்லாம் ஒவ்வொரு வீடாக நின்றது. வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மாமியார் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது. "ஆத்துக்குத்தான் போறா. ஒரு நாளு திரும்பி வர மாட்டா, பாத்துக்க."

"அத்தை, ஆத்துல கணுக்கால் தண்ணி இல்ல. எதுல வுழுறது?" என்றேன்.

"கெணறு இல்லையா?" என்றார். அந்த நேரத்தில் என் உயிர் மேல் அவருக்குப் பயம் இருந்தது நிஜம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறு நாள் வீட்டுக்காரர் என் பின்னால் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததால் கீச் கீச்சென்ற சத்தம் அரிசி மில்லிலிருந்தே கேட்டது. நான் திரும்பவில்லை. மணலில் சைக்கிள் புதைந்தது. அதைப் போட்டுவிட்டு வேகமாக வந்து முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"இங்க இன்னா பண்ற?"

"நடக்கறேன்."

"எவனாவது வர்றானா?"

கை வீசி நடக்கிற பெண்ணுக்கு உண்டு என்று நான் முதலில் சொன்ன மூன்றாவது பெயர் இதுதான். தெரு சொன்னால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். இவர் சொன்னார்.

"குந்து" என்றேன். வாழ்நாளில் முதல் தடவை அவரை அப்படிச் சொன்னேன். "இந்த மரத்தடியில குந்து. எவன் வர்றான்னு நீயே பாரு. நான் நடந்துட்டு வர்றேன்."

உட்கார்ந்தார். நான் நடந்தேன். அன்றைக்கு வானமும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. கோபத்தோடு நடந்தால் எதுவும் தெரியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நாணல் திருப்பம் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் மணலில் மல்லாந்து கிடந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. தறிக் குழியில் தொங்கிப் பழகிய கால் இரண்டும் முதல் தடவையாகப் பகல் வெளிச்சத்தில் நீட்டிக் கிடந்தன. முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி சுருண்டிருந்தது. ஒரு கொக்கு பத்தடி தூரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படுக்கையில் அவர் புரண்டுகொண்டே இருப்பது எனக்குத் தெரியும். கால் வலி என்று சொல்வார். நான் என் தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருந்ததால் அவர் தூக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எழுப்பவில்லை. வெயில் முகத்தில் விழாமல் என் நிழல் விழும்படி நின்றேன். நிற்க நிற்கக் கால் கடுத்தது. கோபமும் போகவில்லை. நின்றேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கினார். அவருக்கும் வலித்திருக்கும்.

"ஜல்தி நட. நேரமாச்சி" என்றார். எவனாவது வர்றானா என்று கேட்டதற்கு மன்னிப்பு இல்லை.

அதற்குப் பிறகு என்னை யாரும் தடுக்கவில்லை. ஒரு மாதம் போல இருக்கும், அவரும் காலையில் கிளம்ப ஆரம்பித்தார். துணிப்பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "நூலு பாத்துட்டு வர்றேன்" என்பார். நான் போகிற திசையில்தான் அவரும் போவார், பத்தடி முன்னால். ஆற்றில் இறங்கியதும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தெருவில் யாராவது, "இன்னா, கடைக்கா?" என்று கேட்டால், "ஆமா" என்பார். அந்தப் பையில் ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை.

எனக்கு முழுசாகக் குணமாயிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையும் சாப்பிட்டேன், மழைக் காலத்தில் வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்தால் மறுபடி கை நிற்கும். ஆனால் எங்கே போனால் அது அடங்கும் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு பயம் குறைந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் சேவூரிலிருந்து சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். என் உடம்பைப் பற்றி விசாரித்தாள். மாமியார் சொன்னார்: "எம் புள்ள ஆத்துப் பக்கம் கூட்டினு போயி நடக்க வெச்சான். அதுலதான் இவளுக்குத் தெளிஞ்சிது. அவனுக்கு எவ்ளோ பொறுமை!"

அவர் தறிக் குழியில்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. தறியில் நாடா குறுக்கே ஓடுவது ஒரு வினாடிகூட நிற்கவில்லை.

மறு நாள் காலை ஆற்றில் இறங்கியதும் அவர் பக்கம் போனேன். "உங்கம்மா சொன்னது கேட்டுச்சா?"

"வயசானவங்க. வுடேன்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவர் பையை அக்குளில் இறுக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அத்தனை வருஷக் கோபமும் மொத்தமாக வந்தது. அவர் அக்குளிலிருந்த பையைப் பிடுங்கி மணலில் வீசினேன். "இதுல இன்னா இருக்குது? யாரை ஏமாத்தறதுக்கு இது? நான் நடக்கல? இத்தினி வருஷமா நான் வெறுங்கையோட நடக்கல?"

அவர் போய்ப் பையைக் குனிந்து எடுத்தார். மணலை உதறினார். நான்காக மடித்தார்.

"அது இல்லாம தெருவுல எப்பிடி போறது?" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது குரல்.

கையை வீசிக்கொண்டு அவரைத் தாண்டி முன்னால் நடந்தேன். அன்றைக்கு மட்டும் அவர் என் பின்னால் வந்தார்.